மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டவள்

எங்கள் கே.ஜி.எஃப்.பில், அதாவது கோலார் தங்கவயலில், ஒரு வழக்கம் உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டுக்காரர் ஃபேக்டரியில் ரிட்டயர் ஆக ஆறு மாதம் இருக்கும்போதே, குடும்பத்தில் யாருக்கு எங்கே கோளாறு என்று தேடத் தொடங்கிவிடுவோம். கண்ணோ, பல்லோ, மூலமோ, குடலிறக்கமோ, எதுவானாலும் கடைசிச் சம்பளத்துக்குள் ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் முடித்துவிட வேண்டும். ரிட்டயர் ஆன மறுநாள், குடும்பத்துக்கே இலவச வைத்தியம் தரும் மெடிக்கல் புக்கை ஃபேக்டரியில் திருப்பி வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் தலைவலி மாத்திரைகூட நம் செலவுதான். தீபாவளிக்குத் துணி எடுப்பதுபோல ஆபரேஷன் எடுப்பது எங்கள் ஊர் ஆட்களுக்குத்தான் வரும்.

நான் பிறந்தது ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் ஒரு லைன் வீட்டில். அப்பா நந்திதுர்க் ஷாஃப்டில் தங்கம் வெட்ட இறங்கியவர். அவர் காலத்தில் மைன்ஸ் ஆஸ்பத்திரி, கல்யாணத்துக்குப் பிறகு ஃபேக்டரி ஆஸ்பத்திரி. ஐம்பது வயது வரைக்கும் டாக்டருக்குக் காசு கொடுப்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. சீட்டைக் காட்டு, மருந்தை வாங்கு, அவ்வளவுதான். ஆகவே இந்தக் கதையில் யாரும் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாருமே என் நல்லதுக்குத்தான் என் வயிற்றைக் கிழிக்கப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர் தணிகாசலம், மெஷின் ஷாப்பில் கடைசல் பிடிக்கும் டர்னர். இரண்டாயிரமாவது வருஷம் மே மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட். ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டார். முதலில் கண்ணாடி மாற்றினார். அப்புறம் பல். லேசாக ஆடிக்கொண்டிருந்தது இரண்டே பல்தான். "எப்படியும் நாளைக்கு ஆடப்போவுது, இப்பவே புடுங்கிட்டா செட்டு ஃப்ரீ" என்று பக்கத்தில் இருந்த நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வந்தார் மகராசன். அன்றோடு முறுக்குக்கும் அவருக்கும் உறவு அறுந்தது. புதுப் பல் செட்டு பேசும்போது டக்டக்கென்று அடித்துக்கொள்ளும். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அடுத்தது என் முறை என்று அப்போது தோன்றவில்லை.

எனக்கு இரண்டு வருஷமாக மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகம். நின்றுவிடும் வயதுதானே, கடைசி ஆட்டம் என்று இருந்துவிட்டேன். அந்த வருஷம் தாங்க முடியாமல் போனது. ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு என்றார் டாக்டர். புற்றுநோய் எல்லாம் இல்லை, சதை உருண்டு கட்டியாக நிற்பது. எனக்கு இருந்தது எலுமிச்சை அளவு. "மாசவிலக்கு நின்னா தானே சுருங்கிடும். ரொம்ப கஷ்டமா இருந்தா கர்ப்பப்பையையே எடுத்துடலாம். யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

யோசிக்க யார் விட்டார்கள்? வீட்டுக்கு வருவதற்குள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு ராணி, என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள், அவளே முதலில் வந்தாள்.

"யோசிக்கறதுக்கு இன்னாக்கா கீது? அண்ணன் ரிட்டயர் ஆவறதுக்குள்ள எடுத்துடுங்க. நம்ம லைன்ல எல்லாரும் எடுத்துட்டாங்க. வெளிய போனா சொத்தை வித்துத்தான் செய்யணும்."

"புள்ளை பெத்தாச்சு. இனிமே அது எதுக்கு, வாடகை கட்டாம உள்ள குந்தினு கீது?" இது என் நாத்தனார்.

என் வீட்டுக்காரர் என்னைக் கேட்காமலே ஆபரேஷனுக்கு மே மாதம் நடுவில் தேதி வாங்கிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தா கஸ்தூரி, முப்பது வருஷமா அந்த மெஷின்ல நின்னேன். உனக்குன்னு இன்னா செஞ்சேன், சொல்லு. கடைசியா இந்த ஒரு நல்லது பண்ணிட்டு வெளிய வரேன்." பல் செட்டு டக்கென்றது. கண் கலங்கி இருந்தார். இப்படிக் கேட்கும் மனுஷனிடம் எப்படி மாட்டேன் என்பது? சரி என்றேன். ஆனால் பயந்தேன். சாமி முன்னால் நின்று, என்னை அறுக்காமல் விட்டுவிடு என்று வேண்டிக்கொள்ளும் அளவுக்குப் பயந்தேன். எனக்கு அது தேவையா இல்லையா என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. தேதிதான் எல்லாருக்கும் கவலை.

பெண்கள் வார்டில் அட்மிட் ஆனேன். அங்கே போய்ப் பார்த்தால் பாதிக் கட்டில் எங்கள் ஆட்கள்தான். இந்த மாதம் ரிட்டயர் ஆகிறவர் மனைவி, அடுத்த மாதம் ரிட்டயர் ஆகிறவர் அம்மா. ரிட்டயர்மெண்ட் வார்டு என்று பெயரே வைக்கலாம். எனக்கு நேர் எதிர்க் கட்டிலில் ஜெயம்மா. ஆண்டர்சன்பேட்டைக்காரி, வாட்டசாட்டமான உடம்பு, பித்தப்பைக் கல்லுக்கு வந்திருந்தாள். அவளுக்கும் எனக்கும் முதல் நாளே சண்டை மூண்டது. சண்டைக்குக் காரணம் ஃபேன்.

வார்டுக்கு நடுவில் ஒரே ஃபேன். எனக்கு அதன் கீழே கட்டில். போர்வையை இழுத்து மூடி, மேலே என் மகள் செல்வி பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நடுங்கினேன். பொறுக்க முடியாமல் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

"யம்மாடி! மே மாசம் வெயில்ல ஃபேனை நிறுத்தினா நாங்க இன்னா அவிஞ்சு சாவறதா?" என்றாள் ஜெயம்மா.

"குளிருதுங்க."

"குளிருதா? இன்னாமா, ஊட்டியிலயா படுத்துனு கீற?"

அவள் போய்ப் போட்டாள். நான் போய் நிறுத்தினேன். அவள் போட்டாள். நர்ஸ் ஓடிவந்து இரண்டு பேரையும் திட்டினாள். வார்டே கொல்லென்று சிரித்தது. என் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்கில் காப்பியோடு உள்ளே வந்தவர், மானம் போகிறதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் கலாட்டாவுக்கு நடுவில்தான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் வந்து பார்ப்பது வழக்கமாம். கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார். சண்டையைக் கேட்டு அவரும் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார்.

"ஏனம்மா, மே மாசத்துல ஸ்வெட்டரா? எப்பலேர்ந்து இப்படி குளிருது?"

"அவளுக்கு எப்பவுமே அப்படித்தாங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம். மெடிக்கல் புக் அவர் பெயரில் இருக்கும். டாக்டர் என்னைக் கேட்பார், பதில் அவர் சொல்வார். நான் நாக்கை மட்டும் நீட்டுவேன்.

"நீங்க இல்ல, அவங்க சொல்லட்டும்." டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுமா. உனக்கு என்ன பண்ணுது?"

முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். அவர் கையை விடவில்லை. அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் எழுந்தால் முகம் வீங்கி இருப்பது. சீப்பு நிறைய முடி வருவது. எவ்வளவு தூங்கினாலும் போதாதது. சாப்பாடு குறைந்தும் உடம்பு பெருத்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து நிற்பது. தொண்டை கட்டினதுபோல் குரல் மாறியது. கும்பகர்ணன் தங்கச்சி என்று வீட்டில் எல்லாரும் கேலி செய்வது. வயசாகிறது, சோம்பேறி ஆகிவிட்டேன் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டது. சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை இருந்ததா எனக்கு? ஜெயம்மா தன் கட்டிலில் இருந்து எழுந்து போய் ஃபேனை நிறுத்தினாள்.

டாக்டரம்மா ஒரு சின்ன ரப்பர் சுத்தியால் என் கணுக்காலுக்குப் பின்னால் தட்டிப் பார்த்தார். கால் ஆடி, சாவகாசமாகத் திரும்பி வந்தது. தைராய்டு கோளாறாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்பச் சொன்னார். ஆபரேஷன் இப்போதைக்கு இல்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார்.

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "டாக்டர், டாக்டர், முப்பத்தொண்ணாம் தேதியோட எனக்கு முடிஞ்சுது. அதுக்குள்ள எப்படியாவது..."

"உங்க ரிட்டயர்மெண்ட் தேதி இவங்க தைராய்டுக்குத் தெரியாதே. நான் சந்தேகப்படறது சரியா இருந்தா, இந்த நிலையில மயக்கம் கொடுத்தா இவங்க எழுந்திருக்கறதே கஷ்டம்" என்றார்.

என் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்கைத் திறந்து காப்பியை ஊற்றி என்னிடம் கொடுத்தார். பாதி காப்பி போர்வையில் சிந்தியது.

ரிசல்ட் வரும்வரை அங்கேயே இருந்தேன். ரத்தமும் குறைவாக இருந்ததால் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். பெங்களூரில் ஆபீஸ் வேலைக்கு விடியற்காலை ரயிலில் போய் வரும் செல்வி, சாயங்காலம் ரயில் இறங்கி நேராக வார்டுக்கு வந்து என் தலையை வாரிவிட்டுப் போவாள். உதிர்ந்த முடியை எனக்குத் தெரியாமல் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வாள். நான் பார்க்காததுபோல் இருப்பேன். ஜெயம்மா தனக்கு வந்த ரசத்தில் பாதியைச் சூடாக எனக்கு ஊற்றுவாள். ஃபேன் விஷயத்தில் இருவரும் ஒப்பந்தத்துக்கு வந்தோம். என் கட்டிலைச் சுவர் ஓரம் நகர்த்தினார்கள்.

டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரிதான். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டது. உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்வதே அதன் வேலையாம். அது மந்தமானால் எல்லாமே மந்தம், சூடு பிறக்காது. உதிரம் மட்டும் அதிகமாகப் போகும். பார்க்க வந்தவர்களுக்கு என் வீட்டுக்காரர் வேறு மாதிரி விளக்கினார். "வோல்டேஜ் கம்மிங்க. மோட்டார் நல்லாத்தான் கீது. லைன்ல வோல்டேஜ் வரல. நாம மோட்டாரைக் கழட்ட பாத்தோம்." இதைவிட நன்றாக எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு குட்டி மாத்திரை. அதுதான் வைத்தியம். உதிரப்போக்கு தைராய்டால் என்றால் சில மாதங்களில் குறையும், குறையாவிட்டால் அப்போது ஆபரேஷன் பார்க்கலாம் என்று அனுப்பினார்கள். அப்போது என்றால் எப்போது? மெடிக்கல் புக் இல்லாத காலத்தில். அந்தப் பயத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். மே மாதம் முடிந்தது. என் வீட்டுக்காரர் மாலையும் சால்வையுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பல்லைப் புடுங்கிக்கினதுதான் மிச்சம்" என்றார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊரிகம் பக்கம் சொந்த வீட்டுக்குப் போனோம். செல்வி பிடிவாதமாக நின்று மெடிக்ளைம் பாலிசி எடுக்க வைத்தாள். ஸ்டெல்லா என்று ஒரு ஏஜெண்ட், டீச்சராக இருந்தவர், ஒருநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் குறுக்கு விசாரணை செய்தார்.

"வருஷா வருஷம் கட்டணும். சரி. ஒடம்புக்கு ஒண்ணும் வரலன்னா?"

"வராது சார், அந்தப் பணம் திரும்பி வராது."

"அப்ப போச்சா?"

"போனா சந்தோஷப்படுங்க சார். ஆஸ்பத்திரி வாசல மிதிக்கலன்னு அர்த்தம்."

அவருக்குப் பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. ஸ்கெலட்டனில் யாராவது ஷாஃப்டில் அடிபட்டாலோ செத்தாலோ லைனில் வீட்டுக்கு வீடு வசூல் வரும். அப்பா ஒருதரம்கூட இல்லை என்று சொன்னதில்லை. நமக்குத் திரும்பி வருமா என்று கணக்குப் பார்த்ததில்லை. "அதேதாங்க இது. லைன் கொஞ்சம் பெருசு, மூஞ்சி தெரியாது, அவ்ளோதான்" என்றேன். ஸ்டெல்லா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஏஜெண்ட் வேலைக்குக் கூப்பிடுவாரோ என்று பயந்துவிட்டேன்.

அடுத்து அவர் என்னைப் பார்த்து, என்னென்ன வியாதி என்று கேட்டார். என் வீட்டுக்காரர் காலால் என் காலை மிதித்தார். சொல்லாதே என்று அர்த்தம். ஃபேக்டரியில் உடம்புக்கு வந்ததைச் சொன்னால் ஓவர்டைம் போய்விடும், பொறுக்கிற வரை மூடி மறைத்தே பழகினவர்.

"மிதிக்காதீங்க, வலிக்குது. தைராய்டு கீதுங்க. கர்ப்பப்பையில கட்டியும் கீது" என்றேன். டாக்டரம்மாவிடம் ஒருமுறை வாய் திறந்த பிறகு மூட முடியவில்லை எனக்கு.

ஸ்டெல்லா நிதானமாகச் சொன்னார். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பாலிசியில் பணம் வராது. அதோடு கர்ப்பப்பை ஆபரேஷன் யாருக்குமே முதல் வருஷம் கிடையாது. மற்றபடி புதிதாக எது வந்தாலும் உண்டு. என் வீட்டுக்காரர் வெற்றியோடு என்னைப் பார்த்தார். "கேட்டியா? எது வேணுமோ அதுக்கு இல்லயாம்!"

"அது வேணும்னு நான் எப்போ சொன்னேன்?" என்றேன். அவர் ஃபாரத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். அவருடைய புக்கில் நான் மனைவி என்று ஒரு வரி. இதில் எனக்கென்று தனியாகக் கையெழுத்து.

வீறாப்பாகப் பேசிவிட்டேனே தவிர, அந்த மழைக்காலம் முழுக்கக் காலண்டரில் தேதியை எண்ணிக்கொண்டிருந்தேன். மாத்திரை வேலை செய்யாவிட்டால்? முதல் இரண்டு மாதம் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி பழையபடியே உதிரம் போனபோது குளியலறையில் நின்று அழுதேன். பேசாமல் அன்றே அறுத்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது. என் வீட்டுக்காரர் வெளியே நின்று, "இன்னா கஸ்தூரி, வோல்டேஜ் ஏறும்டி, கொஞ்சம் டைம் குடு" என்றார். கதவுக்கு அந்தப் பக்கம் பல் செட்டு டக்டக்கென்றது. அழுகையிலும் சிரிப்பு வந்தது.

அடுத்த மாதம் குறைந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும். தீபாவளிக்கு, நடுவில் ஒருதரம்கூட உட்காராமல் மாவு இடித்தேன். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் தெருவே தலையில் மஃப்ளர் கட்டியிருக்கும்போது நான் மட்டும் சாதாரணப் புடவையில் கோலம் போட்டேன். ஸ்வெட்டரைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

பாலிசி கடைசியில் பயன்பட்டது அவருக்குத்தான். பொங்கல் கழிந்து டைபாய்டு. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப்போனோம். கௌண்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். ஜுரத்தில் கண் சொருகி நின்ற மனுஷன் நிமிர்ந்து நின்று பழைய ஃபேக்டரி டிபார்ட்மெண்டையும் டோக்கன் நம்பரையும் சொன்னார். அந்தப் பெண் முழித்தாள். நான் பெயரைச் சொன்னேன். முதலில் நாம் கட்ட வேண்டும், ரசீதெல்லாம் கொடுத்தால் பிறகு வரும் என்றார் ஸ்டெல்லா. செல்வி புரட்டிக் கட்டினாள். வருமா வராதா என்று என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டே புலம்பினார். சில வாரம் கழித்து வந்தது. வெளியில் வாங்கின இளநீர், ஆட்டோ இதையெல்லாம் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்கள், மீதி வந்தது. அன்றிலிருந்து ரயிலடியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் மெடிக்ளைம் பற்றிப் பாடம் எடுக்கிறார். மிதிபட்ட கால் எனக்கு, பெருமை அவருக்கு.

இப்போது மறுபடியும் மே மாதம். அந்தக் கட்டி உள்ளே சும்மா இருக்கிறது, போன முறை ஸ்கேனில் கொஞ்சம் சுருங்கியும் இருக்கிறது. முந்தாநாள் ராணி வந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் ரிட்டயர்மெண்ட். வெயிலில் நடந்து வந்தவள், உட்கார்ந்ததும் முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"க்கா, எனக்கும் கர்ப்பப்பைய எடுத்துடலாம்னு அவரு தேதி வாங்கினு வந்துட்டாரு. எத்தனை நாளு படுக்கணும், இன்னா எடுத்துனு போவணும்னு உங்களைக் கேக்கச் சொன்னாரு."

நான் எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். அதன் கீழே அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உள் அறையில் இருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "ராணி, பல்லை மட்டும் புடுங்கிக்க வேணாம்னு உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லுமா!"

"நீங்க கம்முனு இருங்க" என்றேன். "ராணி, தேதி கெடக்கட்டும். உனக்கு இன்னா பண்ணுது? அத மொதல்ல சொல்லு."

"எனக்கு இன்னாக்கா, ஒண்ணும் இல்ல" என்றாள்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.